இரண்டாம் பெட்டிக்கும் மூன்றாம் பெட்டிக்கும் நடுவே

வடதுருவக் கடல், கப்பலிலிருந்து
3 நவம்பர் 2024

தமிழ்,

வயிற்றில் போட்ட துளைகள் ஆறிவிட்டனவா? பித்தப்பையை எடுத்தவளுக்கு எண்ணெய்ப் பலகாரம் கூடாது என்று சொல்லியிருப்பார்கள். தீபாவளியன்று உன் அம்மா சுட்ட அதிரசத்தைப் பார்த்துக்கொண்டு மட்டும் உட்கார்ந்திருந்தாயா? அதை நினைத்து இங்கே நான் சிரித்தேன், பிறகு எனக்கே அதிரசம் வேண்டும்போல ஆகிவிட்டது.

நீ ஒரு வரிகூட எழுதவில்லை. இங்கிருந்து வாரம் இரண்டு முறை செயற்கைக்கோள் வழியாக எழுத்து மட்டும் போகும். படமும் குரலும் போகாது. அதனால் பழைய காலத்து மனிதர்கள் மாதிரி முழுக் கடிதமே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

இரண்டரைக் கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு பனிப்பாளத்தில் கப்பலைக் கட்டிவிட்டார்கள். இனி ஒரு வருடம் காற்றும் நீரோட்டமும் பாளத்தை எங்கே தள்ளுகின்றனவோ அங்கே நாங்களும் போவோம். நேற்று பதினோரு கிலோமீட்டர் போயிருக்கிறோம். கிளிஞ்சல்மேட்டில் எங்கள் அப்பாவின் பைபர் படகில் எஞ்சின் நின்றால்தான் இப்படிப் போவார்கள், ஊரே தேடக் கிளம்பும். இங்கே அதற்காகவே வந்திருக்கிறோம். அக்டோபர் முதல் வாரத்திலிருந்து சூரியன் கிடையாது. நெற்றி விளக்கு போகிற தூரம்தான் உலகம்.

நம் ஐந்து மஞ்சள் பெட்டிகளையும் நட்டுவிட்டேன். கப்பல் சமையல்காரர், "அது என்ன செய்யும்?" என்று கேட்டார். "பெட்டியிலிருந்து ஐந்து மீட்டர் நீளத்துக்கு ஒரு சரம் பனிக்கட்டி வழியாகக் கடலுக்குள் தொங்குகிறது, இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு வெப்பமானி, எதுவரை பனி, எங்கே தண்ணீர் என்று அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம், தான் இருக்கும் இடத்தையும் அரை மணிக்கு ஒரு தரம் இந்தியாவுக்குச் சொல்லும்" என்றேன். "இதைச் செய்ய எவ்வளவு காலம் ஆனது?" என்றார். "இரண்டு பேருக்கு மூன்று வருடம்" என்றேன்.

நான்காம் பெட்டி ஐந்து நாளாகப் பேசவில்லை. குளிர் மைனஸ் முப்பத்தொன்று. மின்கலம் செத்துவிட்டது என்று நினைக்கிறேன். என்ன செய்யட்டும்?

பாரதி

நெரவி, காரைக்கால்
9 நவம்பர் 2024

பாரதி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. மின்கலத்தின் மேல் பழி போடாதீர்கள். அது மைனஸ் நாற்பது வரை தாங்கும், நான்தான் சோதித்தேன். சரமும் பெட்டியும் சேரும் இடத்தில் ரப்பர் வளையம் சுருங்கி மூன்றாவது கம்பி விட்டிருக்கும். பெட்டியைப் பனிமேல் போட்டிருக்கும் சிவப்புக் கூடாரத்துக்குள் கொண்டுபோய் ஆறு மணி நேரம் அப்படியே வைத்துவிட்டுப் பிறகு திறக்க வேண்டும். உடனே திறந்தால் உள்ளே ஈரம் படிந்து எல்லாம் போய்விடும். கம்பியைப் பற்றவைத்த பிறகு வளையத்துக்கு மேல் சிலிக்கோன் பூசுங்கள். அவசரப்படாதீர்கள்.

இங்கே நான்கு நாளாக மழை. மின்சாரம் போய்ப் போய் வருகிறது. அலுவலகத்தில் என்னை வீட்டிலிருந்தே தரவுகளைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

அதிரசம் சாப்பிட்டேன். பித்தப்பை இல்லாதவர்களும் சாப்பிடலாம்.

ஆகஸ்டு 12 கூட்டத்தின் குறிப்பை நம் அலுவலகப் பிரதீபா எனக்குக் காட்டினாள். குறிப்பு எழுதியவள் அவள்தானே. உங்கள் பதில் அதில் ஒரே வரியாக இருக்கிறது.

செ. தமிழ்மொழி

கப்பலிலிருந்து
28 நவம்பர் 2024

தமிழ்,

மூன்றாவது கம்பிதான். நீ சொன்னபடியே செய்தேன். கையுறையோடு பற்றவைக்க முடியவில்லை, கழற்றிவிட்டுச் செய்ததில் இரண்டு விரல் நுனி வெளுத்துப்போயிற்று. மருத்துவர் திட்டினார். பெட்டி பேசுகிறது.

"உங்கள்", "பூசுங்கள்" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்தபோதே தெரிந்துவிட்டது. கடைசி வரிக்கு வரும் முன்பே.

மூன்று வாரமாக எழுதி எழுதி அழித்தேன். இப்போது நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். உனக்குக் கல் இருக்கிறது என்று மருத்துவச் சோதனையில் தெரிந்த அடுத்த வாரக் கூட்டம் அது. இந்தியாவுக்குக் கப்பலில் ஒரே ஓர் இடம், அது உன் பெயரில் இருந்தது. இயக்குநர் என் பக்கம் திரும்பி, "தமிழ்மொழிக்குக் குணமாக எத்தன நாளாகும்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டார். எனக்குத் தெரியும். நாலு நாளில் ஆபரேஷன், மூன்று வாரத்தில் எப்போதும் போல நடமாடலாம் என்று டாக்டர் சொன்னதை முந்தின நாள்தான் போனில் சொல்லியிருந்தாய். கப்பல் புறப்பட ஐந்து வாரம் இருந்தது. காத்திருந்திருக்கலாம்.

"தெரியாது சார். ஆனா நான் தயாரா இருக்கேன்" என்றேன்.

ஏன் என்று கேட்பாய். கல்லூரியிலிருந்து நீ முதல், நான் இரண்டாவது. கட்டுரையில் உன் பெயர் முதலில், மாநாட்டில் பேசுவது நீ, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவது நான். உன்மேல் எனக்குக் கோபம் இருந்ததில்லை. ஆனால் அந்த அறையில் ஒரு கதவு திறந்திருந்தது, அதற்குள் காலை வைத்துவிட்டேன். வைத்த நிமிடமே எடுத்திருக்கலாம். ஐந்து வாரம் இருந்தும் எடுக்கவில்லை. அதுதான் பெரிய தப்பு. அன்றைக்குச் சொன்னதைவிட, பிறகு சொல்லாமல் இருந்தது.

மன்னித்துவிடு என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

பாரதி

நெரவி
12 டிசம்பர் 2024

பாரதி அவர்களுக்கு,

இரண்டாவதாக நின்றதாக எழுதியிருக்கிறீர்கள். முதலில் நின்றவளுக்கும் அந்த இடம் சும்மா வந்துவிடவில்லை.

என் அப்பாவை உங்களுக்குத் தெரியும். செல்லையன் மகள் வடதுருவம் போகிறாள் என்று கடைத்தெருவில் டீ குடித்த அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டார். இப்போது அந்தப் பக்கமே போவதில்லை. சம்பா நெல்லுக்கு உரம் வாங்கக்கூட நான்தான் வண்டியில் போகிறேன். "ஏன் தங்கச்சி, போவலியா? பயந்துட்டியா?" என்று கேட்கிறார்கள். ஆபரேஷன் வலி பத்து நாளில் போய்விட்டது. இது போகவில்லை.

வேலைக்கடிதம் மட்டும் எழுதவும். ஐந்து பெட்டிகளின் பதிவையும் தினமும் நான் பார்ப்பேன். அது உங்களுக்காக இல்லை. அந்தச் சரத்தில் பாதி வெப்பமானிகள் நான் கோத்தவை.

செ. தமிழ்மொழி

நெரவி
8 மார்ச் 2025, சனிக்கிழமை மாலை
அவசரம்

பாரதி,

நாளைக்குச் சிவப்புக் கூடாரத்துக்குப் போகாதே.

முதலில் அதைப் படித்துக்கொள், காரணம் பிறகு. இரண்டாம் பெட்டிக்கும் மூன்றாம் பெட்டிக்கும் உள்ள தூரம் அக்டோபரிலிருந்து 912 மீட்டர். ஒரு மீட்டர் முன்னே பின்னே ஆடும், அது கருவியின் நடுக்கம். வியாழன் மதியத்திலிருந்து அது ஆடவில்லை, ஏறுகிறது. இன்று மதியம் 918. ஒரு நாள் பதிவு முழுவதையும் சராசரி எடுத்துத்தான் சொல்கிறேன். ஒன்றாம் பெட்டிக்கும் இரண்டாம் பெட்டிக்கும் நடுவே மாற்றமே இல்லை. மூன்று, நான்கு, ஐந்து மூன்றும் தங்களுக்குள் அசையாமல் இருக்கின்றன. அப்படியென்றால் பாளம் இரண்டாகிவிட்டது. கப்பலும் முதல் இரண்டு பெட்டிகளும் ஒரு துண்டில், மற்ற மூன்றும் இன்னொரு துண்டில். கூடாரம் நடுவில் இருக்கிறது.

வியாழனிலிருந்து அங்கே புயல், யாரும் கப்பலை விட்டு இறங்கவில்லை என்று அன்றாட அறிக்கையில் இருக்கிறது. விரிசலில் மெல்லிய பனி உறைந்து, அதன்மேல் காற்று பனித்தூளைக் கொண்டுவந்து மூடியிருக்கும். பார்த்தால் தெரியாது. நாளைக் காலை எட்டு மணிக்கு மூன்று பேர் கூடாரத்துக்குப் போவதாகத் திட்டத்தில் இருக்கிறது. முதல் பெயர் உன்னுடையது.

அலுவலகத்துக்குப் போன் செய்து கப்பலோடு பேசச் சொன்னேன். பணியில் இருந்தவர், "இடம் காட்டறதுல பிழையா இருக்கும் மேடம், திங்கக்கிழமை பாத்துக்கலாம்" என்றார். மூன்று முறை சொன்னேன். திங்கட்கிழமை என்றே சொன்னார்.

அம்மா வந்து, "என்னடி, சோத்தைப் போட்டு வச்சிட்டு என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்க?" என்றாள். சொன்னேன். "அப்ப அந்தப் புள்ளைக்கே எழுது" என்றாள். நான் திரையில் இருந்த எண்களைத் திரும்பக் கூட்டினேன். "நீ அவகூடப் பேசறதில்லங்கறதுக்காக அவ தண்ணில வுழணுமா?" என்றாள்.

எழுதிவிட்டேன். கிடைத்ததும் ஒரு வரி போடு. நான் மடிக்கணினியை மூடப்போவதில்லை.

தமிழ்மொழி

கப்பலிலிருந்து
11 மார்ச் 2025

தமிழ்,

ஞாயிறு காலை உனக்குப் போட்ட அந்த ஒரு வரி வந்து சேர்ந்திருக்கும். இப்போது முழுவதும்.

அவசரம் என்று இருந்ததால் வழக்கமான நாளுக்குக் காத்திருக்காமல் உன் கடிதத்தை இறக்கினார்கள், ஏழரைக்குக் கையில் கிடைத்தது. நான் காலுறைக்கு மேல் காலுறை மாட்டிக்கொண்டிருந்தேன். அப்படியே குழுத் தலைவர் இங்ரிட்டின் அறைக்கு ஓடினேன். முப்பது வருடம் பனியில் வேலை செய்தவர் அவர், எதையும் உடனே நம்பமாட்டார். காகிதத்தில் நீ சொன்ன எண்களை எழுதிக் காட்டினேன். "ஆறு மீட்டர். கருவிப் பிழையாக இருக்கலாமே?" என்றார். "இருக்காது" என்றேன். "யார் சொல்வது?" என்றார். "இந்தக் கருவியைச் செய்தவர். அவர் ஒரு நாளும் அவசரப்பட்டு எதையும் சொன்னதில்லை" என்றேன். "அப்படிப்பட்டவர் ஏன் இங்கே வரவில்லை?" என்று கேட்டார்.

இந்த முறை உண்மையைச் சொன்னேன். "அவர் வரவேண்டிய இடத்துக்கு நான் பொய் சொல்லி வந்தேன்" என்று. அவர் என்னையே பார்த்தார். பிறகு எழுந்து கோட்டை மாட்டினார்.

சோதித்துப் பார்க்க மூன்று பேர் கயிறு கட்டிக்கொண்டு நடந்தே போனோம். இங்ரிட் முன்னால், இரும்புக் கோலால் அடிக்கு அடி குத்திக்கொண்டே. ஐந்து மாதமாக இருந்த இருட்டு விலகி அடிவானம் இப்போதுதான் ரோஜா நிறத்தில் வெளுக்கிறது. அந்த வெளிச்சத்தில் பனி எங்கள் வண்டித்தடத்தின் மேல் ஒரே சமமாகக் கிடந்தது. சந்தேகப்பட ஒன்றுமே இல்லை. நான்கூட, நீ தப்பாக இருந்தால் என்ன செய்வது என்று நினைக்க ஆரம்பித்துவிட்டேன். கூடாரத்துக்கு நாற்பது அடி இருக்கும்போது கோல் கைப்பிடி வரை உள்ளே போயிற்று. இழுத்ததும் ஓட்டை வழியாகக் கறுப்பாகத் தண்ணீர் ஏறியது.

எட்டு மணிக்குப் பனிவண்டியில் வேகமாக வந்திருப்போம், தமிழ். மூன்று பேரும்.

கூடாரத்தில் குளிர்காலம் முழுவதும் சேர்த்த பதிவுகள் இருந்தன. விட்டுவிடலாம் என்றார் இங்ரிட். விரிசல் குறுகலாக இருந்த இடத்தில் அலுமினியப் பலகை போட்டுக் கயிற்றோடு நான் போய் எடுத்து வருகிறேன் என்றேன். பேசிப் பேசிக் கடைசியில் கால் மணி நேரம் கொடுத்தார். நாலாயிரம் கிலோமீட்டர் ஆழக் கடல் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, நாலு கிலோமீட்டர் என்று அவரே திருத்திக்கொண்டார், அவ்வளவு பதற்றம் அவருக்கும். இரண்டு நடையில் எல்லாப் பதிவுப் பெட்டிகளையும் இந்தப் பக்கம் கொண்டுவந்துவிட்டேன். மறுநாள் மதியம் விரிசல் ஒரு ஆறு அகலத்துக்குத் திறந்துகொண்டது. கூடாரம் அந்தப் பக்கத்தோடு போய்விட்டது. மூன்று, நான்கு, ஐந்தும் போய்விட்டன. ஆனால் அவை இன்னும் உனக்குப் பேசிக்கொண்டிருக்கும்.

அன்று என்னோடு கூடாரத்துக்குப் போக இருந்த மற்ற இருவரும் உன் பெயரை எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். ஆங்கிலத்தில் எழுதினேன். தமிழில் வேண்டும் என்றார்கள்.

பாரதி

நெரவி
20 ஏப்ரல் 2025

பாரதி,

இரண்டு விஷயம் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தன. ஜூனில் ஆட்களை மாற்ற நிவாரணக் கப்பல் வரும்போது கோடைக்கால வேலைக்கு என்னை அனுப்பும்படி இங்ரிட் கேட்டு எழுதியிருக்கிறார். அதற்கு முன்னாலேயே, ஆகஸ்டு கூட்டத்தில் நடந்ததை முழுவதும் எழுதி, செப்டம்பர் வரை உனக்கிருந்த இடத்தை விட்டுவிடுவதாக நீ இயக்குநருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறாய். பிரதீபா போனில் படித்துக் காட்டினாள். ஒரு வருடம் உனக்கு வெளிநாட்டுப் பயணம் கிடையாது என்று முடிவாகியிருக்கிறதாம்.

முதலில் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. எடுக்கும்போதும் என்னைக் கேட்கவில்லை, கொடுக்கும்போதும் கேட்கவில்லை. நீ பார்த்துக் கொடுக்கிற பொருளா நான் போகிற பயணம்? வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

அனுப்புவதற்கு முன் மூன்றாம் பெட்டியின் பதிவைத் திறந்தேன். தனியாகப் போன அந்தத் துண்டில் பனி அடியிலிருந்து கரைய ஆரம்பித்துவிட்டது, நாம் கணக்குப் போட்டதைவிட இருபது நாள் முன்னதாக. இது பெட்டி சொல்கிறது. ஆனால் மேலே என்ன நடக்கிறது, பனிக் குட்டைகள் எங்கே தேங்குகின்றன, தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று யாராவது காலால் நடந்து பார்க்க வேண்டும். அந்த யாராவது நானாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. எழுதியதைக் கிழித்துவிட்டேன்.

நேற்று மருத்துவச் சோதனை முடிந்தது. இரத்தம், இதயம், பல் எல்லாம் சரி. நீ விட்டுக்கொடுத்தாய் என்பதற்காக வரவில்லை, முறையாக விண்ணப்பம் போட்டுத் தேர்வாகி வருகிறேன். ஜூன் ஒன்பதாம் தேதி கப்பல் ஏறுகிறேன். நாம் இரண்டு நாள் பனியில் ஒன்றாக இருப்போம். நீ பொறுப்பை ஒப்படைக்க அவ்வளவு நேரம் போதும். வேறு பேச்சுக்கு நான் இன்னும் தயாராக இல்லை.

செ. தமிழ்மொழி

கிளிஞ்சல்மேடு, காரைக்கால்
6 ஜூலை 2025

தமிழ்,

வந்து ஐந்து நாளாகிறது. இரண்டு நாளும் நீ சொன்னபடியே வேலையை மட்டும் பேசினோம். நிவாரணக் கப்பலின் ஏணியில் ஏறும்போது நான் திரும்பிப் பார்த்தால், நீ குட்டையில் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று அளவுகோலைப் படித்துக்கொண்டிருந்தாய். கூப்பிடலாம் என்று நினைத்தேன். நீ எண்ணை மறந்துவிடுவாய் என்று விட்டுவிட்டேன்.

நேற்று நெரவிக்குப் போனேன். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன் அம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். "தமிழ் எடத்துல போனவதான நீ?" என்றார்கள்.

"ஆமாங்கம்மா. அவளுக்கு எப்ப சரியாவும்னு எனக்குத் தெரியும். தெரியாதுன்னு சொல்லிட்டுப் போனேன்."

"அத அவகிட்ட சொன்னியா?"

"சொல்லிட்டேங்க. ஆபீஸ்லயும் எழுதிக் குடுத்துட்டேன்."

"அப்பறம் எங்கிட்ட எதுக்கு வந்த? நான் மன்னிச்சு என்ன ஆவப் போவுது?"

"அதுக்கு வரலிங்கம்மா. தமிழ் இப்ப இருக்கற எடம் எப்படி இருக்கும்னு உங்களுக்குச் சொல்ல இங்க யாருமில்ல. நான் ஒன்பது மாசம் அதே எடத்துல இருந்துட்டு வந்திருக்கேன். அதைச் சொல்லலாம்னுதான்."

உன் அம்மாவுக்கு இவ்வளவு நேரம் ஒருவரைப் பார்க்கத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. பிறகு, "அப்ப உள்ள வந்து உக்காந்து சொல்லு" என்றார்கள்.

சொன்னேன். நீ படுக்கிற அறை எது, மேல்தட்டா கீழ்தட்டா, ஜன்னல் உண்டா, குளிக்க வெந்நீர் வருமா, அரிசி கிடைக்குமா, கரடி வந்தால் யார் துப்பாக்கி வைத்திருப்பார்கள், எல்லாம். உன் அப்பா வயலிலிருந்து வந்து சைக்கிளைக்கூட நிறுத்தாமல் கைப்பிடியைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "அந்தப் பனிக்கட்டி ஒரு லாரியத் தாங்குமா?" என்றார். குளிர்காலத்தில் தாங்கும், இப்போது தாங்காது என்றேன்.

அம்மா கடைசியில் கேட்டார்கள்: "பொய் சொல்லாம சொல்லு. அந்த மாதிரி வெடிப்பு மறுபடி வருமா?"

"வருங்கம்மா. கோடையில அடிக்கடி வரும்."

"வந்தா?"

"அத மொதல்ல கண்டுபுடிக்கறது உங்க மகதான். அவ சொல்ற வரைக்கும் அங்க யாரும் காலை எடுத்து வைக்க மாட்டாங்க. இங்ரிட் அப்படி உத்தரவு போட்டிருக்காங்க."

"வாராவாரம் வந்து சொல்லு" என்றார்கள் அம்மா. உன் அன்றாட அறிக்கையைச் சனிக்கிழமைதோறும் போய்த் தமிழில் படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். உனக்குப் பிடிக்கவில்லையென்றால் சொல், நிறுத்திவிடுகிறேன்.

பாரதி

வடதுருவக் கடல், கப்பலிலிருந்து
15 ஜூலை 2025

பாரதி,

படித்துக் காட்டு. கரடியைப் பற்றி வந்தால் மட்டும் தாண்டிவிடு.

ஒன்றாம், இரண்டாம் பெட்டிகள் இரண்டும் குட்டை நடுவில் சாய்ந்துவிட்டன. புதுத் துளை போட்டு மாற்றி நட்டேன். துளையில் சரத்தை இறக்கும்போது ஒருத்தி மேலே பிடித்துக்கொண்டு ஒருத்தி கீழே வழிவிட வேண்டும். இங்கே உதவிக்கு வருகிறவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் எப்போது தளர்த்த வேண்டும் என்று அவர்கள் கைக்குத் தெரியவில்லை. இரண்டு முறை சிக்கிக்கொண்டது. நீ இருந்திருந்தால் சிக்கியிருக்காது. அந்த இருட்டிலும் குளிரிலும் இதை நீ எப்படித் தனியாகச் செய்தாய் என்று நேற்றுதான் புரிந்தது. நீ ஒருமுறைகூட அதைப் பெரிதாக எழுதவில்லை.

மன்னிப்பைப் பற்றி அம்மாவிடமும் கேட்கவில்லை, இந்தக் கடிதத்திலும் கேட்கவில்லை. நல்லது. சில நாள் காலையில் எழுந்ததும் கோபம் இருக்கிறது, சில நாள் வேலையில் மறந்துபோகிறது.

2027 பயணத்துக்கு விண்ணப்பம் இப்போதே கேட்கிறார்கள். இந்தியாவுக்கு இரண்டு இடம் வேண்டும் என்று எழுதியிருக்கிறேன், இங்ரிட் பரிந்துரை தருகிறார். அதற்குள் உன் தடை முடிந்துவிடும். என் பெயருக்குக் கீழே உன் பெயரைப் போட்டிருக்கிறேன். கையெழுத்திட்டு முப்பத்தொன்றாம் தேதிக்குள் அனுப்பு.

மருத்துவச் சோதனையை முன்கூட்டியே செய்துகொள். ஏதாவது இருந்தால் மறைக்காமல் என்னிடம் சொல். கூட்டத்தில் கேட்டால், உனக்காகக் காத்திருக்கச் சொல்வேன்.

தமிழ்